ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை

பழவேற்காடு ஏரியில் எப்போது வலை போடுவது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் நாளுக்கு நாள் நகரும். இறால் பிடிப்பவரின் தூக்கமும் அதோடு சேர்ந்து நகரும். பாடு முறைப்படி இன்று எந்த ஊருக்கு, எந்தத் தலைக்கட்டுக்கு முறை என்ற கணக்கு வேறு. கடலுக்குப் போகிற குப்பத்துக்காரர்களோ ஊர் உறங்கும்போதே ஃபைபர் படகைத் தள்ளிவிடுகிறார்கள். விடிந்ததும் ஏலம், அதன்பின் வலையைச் சுத்தம் செய்வது, கிழிசலைக் கட்டுவது. பகலில் கிடைக்கிற இரண்டு மூன்று மணி நேரம்தான் தூக்கம்.

இப்படி இருபது வருடம் உழைத்த ஒருவர் நாற்பத்தைந்து வயதில் "உடம்புல தெம்பே இல்ல" என்று சொன்னால் கேட்க ஆள் உண்டு. மனைவியிடம் நாட்டமில்லை, விடியற்காலையில் முன்பிருந்த விறைப்பு இல்லை என்பதைச் சொல்லத்தான் இடமில்லை. சொல்ல முடியாத அந்த விஷயத்தை நம்பி ஒரு பெரிய சந்தை நடக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டிய நோட்டீஸ், "நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்கும் விளம்பரம், மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து ஆள் பார்க்கும் "பரம்பரை வைத்தியர்", சீட்டில்லாமலே மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மெடிக்கல் ஷாப், கைப்பேசியில் தானாக வந்து நிற்கும் காணொளி. எல்லாரும் சொல்வது ஆண்மைக்குறைவு என்ற ஒரே பெயரைத்தான். இப்போது அதற்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்ற மருத்துவப் பெயரும் சேர்ந்துகொண்டது.

டெஸ்டோஸ்டிரோன் குறைவு உண்மையாகவே இருக்கிற ஒரு நோய்தான். ஆனால் அது ரத்தத்தை அளந்து கண்டுபிடிக்க வேண்டிய நோய். அளக்காமல் அதற்கு மருந்து கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் காவி வேட்டி கட்டியிருந்தாலும், நோயாளிக்குத் தீங்குதான் செய்கிறார்.

இந்த ஹார்மோன் பெரும்பாலும் விரைகளில் சுரக்கிறது. எப்போது, எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. பாலுணர்வு, விந்தணு உற்பத்தி, தசை வலு, எலும்பின் உறுதி, ரத்தச் சிவப்பணு, மீசை தாடி என்று பலவற்றுக்கும் அது தேவை. ஆழ்ந்து உறங்கும்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறும், காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். வயது முப்பது, நாற்பதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் என்ற கணக்கில் மெல்லக் குறைவது இயல்பு.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்? 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் பழவேற்காட்டு மீனவருக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு இருக்க முடியாது. அந்த இளைஞர்களுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் ஒரு வாரச் சோதனை. கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் அத்தகைய தூக்கக் குறைவுதான் பலருக்குப் பிழைப்பு. தெம்பில்லை என்று வருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதே.

சோர்வாக இருக்கிற எல்லாருக்கும் இந்தக் குறைபாடு இருப்பதில்லை. ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களைப் பரிசோதித்த பெரிய ஆய்வு 2010-இல் வெளியானது. வயதோடு வரும் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர்கள் 2.1 சதவீதம் பேர்தான். அந்த ஆய்வில் நோயோடு உண்மையாகப் பொருந்தி வந்த அறிகுறிகள் மூன்று: காலை விறைப்பு குறைவது, பாலுறவு பற்றிய எண்ணமே குறைவது, உறவின்போது விறைப்பு வராமல் போவது. வெறும் அசதி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வேறு நூறு காரணங்களால் வரக்கூடியவை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய், மனச்சோர்வு, கடன் நெருக்கடி என்று அந்தப் பட்டியல் நீளும்.

காரணங்களில் சர்க்கரை நோய்க்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம் என்றது. நாட்டின் சராசரி 11.4. அமெரிக்காவின் பஃபலோ நகரில் சந்தீப் திண்ட்சா, பரேஷ் தண்டோனா ஆகியோரின் குழு 2004-இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 103 ஆண்களைப் பரிசோதித்தபோது மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. அதோடு சர்க்கரை நோய் ரத்தக் குழாயையும் நரம்பையும் நேரடியாகக் கெடுத்து விறைப்பைக் குலைக்கும். எனவே "ஆண்மைக்குறைவு" என்று ஒளிந்து மருந்து தேடும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக நடக்கும் சர்க்கரைப் பரிசோதனையாகவே இருக்கலாம். விறைப்புக் கோளாறு சிலருக்கு மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே வரும் எச்சரிக்கை என்பதையும் இதய மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அதை லேகியத்தால் மூடி மறைப்பது உயிரோடு விளையாடுவது.

தொப்பை, அன்றாடக் குடி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோய், வலிக்காக நீண்ட நாள் எடுக்கும் ஓபியாய்டு வகை மாத்திரை, மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு ஆகியவையும் இந்த ஹார்மோனைக் குறைக்கும். விரையிலேயே கோளாறு இருப்பதும் உண்டு. பருவ வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியது, சிறு வயதில் விரை கீழிறங்காமல் போனது, அடிபட்டது, முறுக்கிக்கொண்டது, புற்றுநோய்ச் சிகிச்சை, பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவை அப்படிப்பட்டவை. பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் தலைவலி, பார்வை மங்கல், மார்பு வீங்குதல் சேர்ந்து வரலாம். இவர்களுக்கெல்லாம் சிகிச்சை கட்டாயம் வேண்டும்; வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் எலும்பும் தேயும்.

பரிசோதனையின் முறையைத் தெரிந்து வைத்துக்கொள்வது நோயாளியின் கையில் இருக்கிற பெரிய பாதுகாப்பு. காலையில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சல் போன்ற உடல்நலக் கேடு இருக்கும்போது பார்க்கக் கூடாது. அளவு குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முடிவை வைத்து யாருக்கும் நோய் என்று சொல்லக் கூடாது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை கொஞ்சம் மாறும். குறைவு உறுதியானால் கோளாறு விரையிலா, பிட்யூட்டரியிலா என்று பிரித்தறிய எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களையும் பார்ப்பார்கள்.

மீனவருக்கு இதில் ஒரு சிக்கல். இரவு முழுக்க ஏரியில் நின்றுவிட்டு நேராக எட்டு மணிக்கு ஆய்வகம் போனால் அந்த ரத்தம் உண்மையான உச்சத்தைக் காட்டாது. தொழிலுக்குப் போகாத நாளுக்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கி எழுந்து கொடுப்பதுதான் சரி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். வருமானம் போகிற அந்த நாளை இந்தப் பரிசோதனைக்காவது பயன்படுத்திக்கொள்ளலாம். தன் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை ஆகியவற்றை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். ஹார்மோன் சிகிச்சை தேவைப்படுமானால் பொன்னேரி, திருவள்ளூர் அரசு மருத்துவமனைகளில் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பியியல் பிரிவுக்குப் போகலாம்.

இப்போது ஊசிக்கு வருவோம். உண்மையான குறைபாடு உள்ளவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஜெல்லும் நல்ல மருந்து. 65 வயதைக் கடந்த 790 ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2016-இல் வெளியானது. பாலுணர்வும் விறைப்பும் ஓரளவு மேம்பட்டன. சோர்வு நீங்கிச் சுறுசுறுப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. தெம்புக்காக ஊசி போட்டுக்கொள்ள நினைக்கிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பிள்ளை இல்லாத வீட்டில் இந்த ஊசி ஒரு பேரிடி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விரை விந்தணு செய்வதையும் நிறுத்திவிடும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வில் 271 ஆண்களுக்கு வாரம் ஓர் ஊசி போட்டார்கள். 157 பேருக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் கழித்துத் திரும்பிவிடும் என்றாலும், குழந்தைக்காக ஏங்கும் தம்பதிக்கு அந்த மாதங்கள் எவ்வளவு பெரியவை! ஆண்மை கூடும் என்று நம்பிக் கணவன் ரகசியமாக ஊசி போட்டுக்கொள்வார். மலடி என்ற பேச்சை மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். குழந்தையின்மைக்கு ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. பெண்ணை ஸ்கேன், கோயில், மந்திரம் என்று அலைக்கழிப்பதற்கு முன் ஆணின் விந்துப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். செலவு குறைந்த, வலியில்லாத பரிசோதனை அது. அதைச் செய்யச் சொல்லிக் கேட்பது மனைவியின் உரிமை.

வேறு ஆபத்துகளும் உண்டு. சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகலாம். புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. இதய நோய் அபாயம் உள்ள 5,246 ஆண்களை வைத்து நடந்து 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் இந்த மருந்தால் கூடவில்லை என்று ஆறுதல் சொன்னது. ஆனால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம். ஆகவே மருந்து தொடங்கினால் ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது தொடர வேண்டும். இந்தியாவில் டெஸ்டோஸ்டிரோனும், விறைப்புக்கான சில்டெனாஃபிலும் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய 'எச்' அட்டவணை மருந்துகள். சீட்டில்லாமல் கொடுப்பது சட்டமீறல்.

ஆண்மை கூட வேண்டும் என்ற ஆசைக்கு மருந்து விற்பது புதிதல்ல. 1889-இல் பிரௌன் செகார் என்ற புகழ்பெற்ற மருத்துவ அறிஞர், தம் 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டதாக பாரிஸில் அறிவித்தார். உலகமே அந்தச் சாற்றுக்காக அலைந்தது. அதில் வேலை செய்யும் அளவுக்கு டெஸ்டோஸ்டிரோன் இருக்கவே முடியாது என்று ஒரு நூற்றாண்டு கழித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அவர் உணர்ந்த இளமை நம்பிக்கையால் வந்தது. லாட்ஜ் அறையில் விற்கும் பொட்டலமும் முதல் வாரம் வேலை செய்வதுபோல் தோன்றுவதற்கு நம்பிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணம் பயங்கரமானது: பொட்டலத்துக்குள் ஆங்கில மருந்து கலந்திருக்கலாம்.

2007 முதல் 2016 வரை அமெரிக்காவில் ரகசியமாக மருந்து கலந்திருந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்ட 776 'இயற்கை' சத்துப் பொருட்களில் ஏறக்குறைய பாதி, பாலுறவு வலிமைக்கு என்று விற்கப்பட்டவை. அந்தப் பாதியில் கலந்திருந்ததில் முதலிடம் சில்டெனாஃபிலுக்கு. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் சார்பிட்ரேட் வைத்துக்கொள்ளும் ஒருவர், மூலிகைதானே என்று இதையும் விழுங்கினால் ரத்த அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்து உயிரே போகலாம். இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை 2008-இல் ஓர் ஆய்வு சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது.

இதைச் சொல்வது சித்த மருத்துவத்தைப் பழிப்பதற்காக அல்ல. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கும்போது லாட்ஜ் அறைக்கு ஏன் போக வேண்டும்? அமுக்கரா கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் பருத்த நடுவயது ஆண்களிடம் நடந்து 2019-இல் வெளியான சிறிய ஆய்வில், அதன் சாறு எடுத்தவர்களின் டெஸ்டோஸ்டிரோன் போலி மாத்திரை எடுத்த காலத்தைவிட 14.7 சதவீதம் கூடியது. ஆனால் சோர்விலோ பாலுறவு நலனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிலருக்கு அதனால் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. துணை மருந்தாக, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கலாம். ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளை அவரிடம் காட்ட வேண்டும். டப்பாவில் உரிம எண், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி, காலாவதி நாள் இல்லாத எதையும் வாயில் போடக் கூடாது.

மருந்தில்லாத துணைச் சிகிச்சைகளுக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. அதிக எடையைக் குறைத்தால் டெஸ்டோஸ்டிரோன் கூடும். குடியைக் குறைப்பது, புகையிலையை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் விறைப்புக்கும் நேரடியாக உதவும். இரவுத் தொழிலை விடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை; ஆனால் வீட்டார் மனம் வைத்தால் பகலில் இருட்டான ஒரு மூலையில் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் தூங்கவிடலாம். வலை வேலையைப் பொழுது சாயும் நேரத்துக்குத் தள்ளலாம். மனம் சோர்ந்திருந்தால் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இந்த நாட்டில் பாலுறவைப் பற்றிப் பேசவே கூடாது என்றிருந்த காலத்தில் சென்னை மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சி நடத்தி, வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கேட்கும்படி பாலியல் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார். அந்தத் துணிவு இன்னும் குப்பங்களின் திண்ணை வரை வந்து சேரவில்லை.

சட்டம் யார் பக்கம்? ஏமாற்றப்பட்டவர் பக்கம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், பாலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இது பேச்சுரிமைக்கு எதிரானது என்று ஹம்தார்த் தவாகானா என்ற மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில், 1959 டிசம்பரில், சட்டத்தின் சில பகுதிகளை நீக்கிய உச்ச நீதிமன்றம், இத்தகைய விளம்பரங்களுக்குப் பேச்சுரிமையின் காப்பு இல்லை என்றது. ஆக, சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸே குற்றத்தின் சாட்சி. தான் படிக்காத முறையில் மருந்து கொடுப்பவர் போலி மருத்துவரே என்று பூனம் வர்மா வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும். இவை மருத்துவர் செய்யும் உதவிகள் அல்ல, அவர் கடமைகள்.

போலி மருத்துவர் மீது காவல் நிலையத்திலும், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும், சீட்டில்லாமல் மருந்து விற்றால் மருந்து ஆய்வாளரிடமும் புகார் கொடுக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு தவறான சிகிச்சை தந்தால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்கு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, காலி டப்பா, ஊசிக் குப்பி, பணம் அனுப்பிய விவரம் எதையும் தூக்கி எறியக் கூடாது.

ஊரே சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் இருபது வருடத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அதை நிறுத்தக் கோரி லீலாகுமாரியம்மா என்ற வேளாண் துறை ஊழியர் 1998-இல் நீதிமன்றம் போனார். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நல நிறுவனம் அங்கு பட்ரே கிராமத்தில் 117 சிறுவர்களையும், ஒப்பிட வேறு ஊரில் 90 பேரையும் பரிசோதித்தது. பாதிக்கப்பட்ட ஊரில் பருவமடைதல் தாமதமானதும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததும் 2003-இல் வெளியான அந்த ஆய்வில் பதிவாயின. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை போட்டது. பழவேற்காட்டுக்குத் தெற்கே அனல் மின் நிலையங்கள் நிற்கின்றன; 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதி எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதை மீனவர்கள் கையால் அள்ளினார்கள். ஏரியையும் கடலையும் நம்பியவர்களின் உடலை முறையாகப் பரிசோதிக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மீனவர்களுக்கான மருத்துவ ஆய்வும், ஆண்களுக்கான பரிசோதனை முகாமும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட எந்த ஊருக்கும் உரிமை உண்டு.

அதுவரை ஒவ்வொருவரும் செய்யக்கூடியது இது: ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்காமல் ஊசி எடுப்பவரிடம் கையை நீட்டாதீர்கள், பதிவு எண் எழுதாத சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், சந்தேகம் இருந்தால் முதலில் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.